பச்சையப்பனுக்கும் செல்லம்மாளுக்கும் ஒரு மின்விசிறி

"இது கம்ப்ளெயின்டா, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டார் கௌதம்.

கேட்டவர், ஆம்பூரைத் தாண்டி நாட்றம்பள்ளி போகும் பெருஞ்சாலையோரத்தில் இருந்த ஒரு ஷூ கம்பெனியின் மனிதவள மேலாளர்; வயது இருபத்தொன்பது. கேட்கப்பட்டவர் அதே கம்பெனியின் டைம் ஆபீஸ் எழுத்தர் நவநீதன். மேலாளரைவிட ஒன்பது வயது மூத்தவர். மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஆகவே, நவநீதன் நின்றுகொண்டிருந்தார்.

"படிக்கிறேன், நீங்களே கேளுங்க. 'பெருமதிப்பிற்குரிய நிர்வாகத்தினர் அவர்களுக்குத் தலைதாழ்ந்த வணக்கம். நமது உணவகத்துச் சாம்பார் மிகவும் சுவையாக உள்ளது. அதில் உப்பும் இருந்துவிட்டால் அச்சுவை மேலும் சிறக்கும் என்பது அடியேனின் பணிவான எண்ணம். பிழையாயின் பொறுத்தருள்க.' இதை எந்த செக்‌ஷன்காரன் எழுதுவான் நவநீதன்?"

"சாம்பார்ல நெஜமாவே உப்பு இல்லைங்க சார்."

"உப்பு இல்லாதது பிரச்சினையே இல்ல. எழுதினவனுக்குக் கோவம் இல்ல பாருங்க, அதான் பிரச்சினை."

விவரம் இதுதான். அந்தக் கம்பெனி தைக்கும் ஷூக்களை ஜெர்மனியில் ஒரு வியாபாரி வாங்கினார். வாங்குகிறவருக்கு மிகவும் இளகிய மனம். தொழிலாளர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்று பார்த்து வர ஆண்டுதோறும் சென்னையிலிருந்து ஒரு தணிக்கையாளரை அனுப்புவார். தொழிலாளர்கள் தங்கள் குறைகளை அச்சமின்றி எழுதுவதற்காகக் கேண்டீனில், தண்ணீர் ஃபில்டருக்குப் பக்கத்தில், குறைதீர்ப்புப் பதிவேடு ஒன்று தொங்கவிடப்பட்டிருந்தது. அதற்கென்று ஒரு பேனாவும் நூலில் கட்டப்பட்டிருந்தது. நூல் மட்டும் நோட்டு வரைக்கும் எட்டாது.

ஆகவே, மூன்றாண்டுகளாக யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

சென்ற முறை வந்த தணிக்கையாளர் ஏனோ இதில் மகிழ்ச்சி அடையவில்லை. 'முந்நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் மூன்றாண்டுகளாக ஒரு சச்சரவும் இல்லை என்பது நம்பும்படியாக இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார். அடுத்த தணிக்கைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. நூலை நீளமாக்கிவிடலாம் என்று ஒருவர் ஆலோசனைக் கூட்டத்தில் சொல்லத்தான் செய்தார். ஆனால் தொழிலாளர்கள் எழுதத் தொடங்கினால் என்ன எழுதுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் ஏது? தரக்கட்டுப்பாட்டுக்குப் பெயர் பெற்ற கம்பெனி அது. குறைகளையும் வெளியில் வாங்காமல் சொந்தமாகவே தயாரித்துக்கொள்வது என்று நிர்வாகம் தீர்மானித்தது.

தயாரிக்கும் பொறுப்பு நவநீதனிடம் வந்தது. அவர் தமிழில் முதுகலை படித்தவர். கம்பெனியின் ஆயுதபூஜை அழைப்பிதழும் ஓய்வு பெறுவோருக்கான வாழ்த்துமடலும் அவர் கையால் எழுதப்படுபவை. தவிர, அவரால் மறுக்க முடியாது. பதினோரு ஆண்டுகளாக அவர் தற்காலிக ஊழியராகவே இருந்தார்.

"இங்க பாருங்க," என்று குரலைத் தணித்தார் கௌதம். "நம்புற மாதிரி ஆளுங்க வேணும். மனுஷன்னா எவன் கூடவாவது முட்டிக்கணும். மோதல் இருந்தாத்தான் ஆளு உயிரோட இருக்கற மாதிரி தெரியும். ஆடிட் மட்டும் பாஸ் ஆகட்டும், உங்க கன்ஃபர்மேஷன் ஃபைலை நானே எம்.டி. டேபிளுக்குக் கொண்டு போறேன்."

அந்த ஃபைல் கௌதமின் மேசையிலிருந்து முதலாளியின் மேசைக்குப் போக வேண்டிய தூரம் நாற்பது அடி. பதினோரு ஆண்டுகளில் அது இன்னும் கிளம்பவில்லை.

"ஆகட்டுங்க சார்," என்றார் நவநீதன்.

அன்று மாலை வீட்டில் அவர் மனைவி சங்கீதா அரிசி களைந்துகொண்டிருந்தபோது, நவநீதன் ஒரு குறிப்பேட்டுடன் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"சங்கீதா, நமக்குள்ள எப்பவாவது சண்டை வந்திருக்கா?"

"இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

"ஆபீஸ் வேலைக்கு."

சங்கீதா திரும்பிப் பார்த்தாள். "பதினோரு வருஷமா உங்களோட சண்டை போட்டுனுதான் இருக்கேன். நீங்கதான் இன்னும் வந்து கலந்துக்கவே இல்ல."

நவநீதனுக்கு இது புதிய செய்தி. "எதைப் பத்தி?"

"எதைப் பத்தி இல்ல? ஃபேனையே எடுத்துக்குங்க. நீங்க ஒண்ணுல வெப்பீங்க. எனக்கு வேர்க்கும், அஞ்சுல வெப்பேன். உங்களுக்குக் குளுரும். குளுருது, கம்மி பண்ணுடின்னு சொல்லலாமில்ல? மாட்டீங்க. போர்வைய எடுத்து மூஞ்சி வரைக்கும் போத்திக்குவீங்க. நீங்க சொன்னாத்தானே நான் முடியாதுன்னு சொல்ல முடியும்? ஒரு பொம்பள எத்தினி வருஷந்தான் தனியாவே சண்டை போடுவா?"

"கொஞ்சம் மெதுவா சொல்லு. எழுதிக்கிறேன்."

சங்கீதா அரிசிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "அது போகட்டும், பர்மனென்ட் இன்னா ஆச்சு?" என்றாள்.

"இந்த வேலையை முடிச்சா ஆயிடும்."

"பொண்ணு காலேஜுக்குப் போறதுக்குள்ள ஆயிடுமா?"

"அவ ஒண்ணாவதுதானே படிக்கிறா?"

"அதான் கேக்கறேன்."

ஆனால் நவநீதனின் கவனம் ஏற்கெனவே குறிப்பேட்டுக்குப் போய்விட்டது. ஒரே மின்விசிறி, இரண்டு பேர், இருவர் பக்கமும் நியாயம். மோதல் என்றால் ஒருவர் நல்லவர், மற்றவர் கெட்டவர் என்று இதுநாள்வரை நினைத்திருந்தவருக்கு, இரண்டு நல்லவர்கள் ஒரு மின்விசிறிக்காக எவ்வளவு தூரம் போக முடியும் என்பது அப்போதுதான் புலப்பட்டது.

பச்சையப்பனும் செல்லம்மாளும் அடுத்த நாள் பிறந்தார்கள்.

பச்சையப்பன், டோக்கன் எண் 614, பசை ஒட்டும் பிரிவு. பசை நெடியில் நாள் முழுவதும் தலைவலி. மின்விசிறி தன் பக்கம் திரும்பினால்தான் மூச்சு விட முடியும். செல்லம்மாள், டோக்கன் எண் 615, அடுத்த மேசை. மின்விசிறி அந்தப் பக்கம் திரும்பினால் அவள் அளந்து அடுக்கி வைத்த லைனிங் துண்டுகளெல்லாம் பறந்து போகும், பொறுக்கி அடுக்குவதற்குள் அன்றைய கணக்கு குறையும், சூப்பர்வைசரிடம் வசவு.

பச்சையப்பன் எழுதினான்: 'ஃபேன் என்ன அவங்க மாமனார் வீட்டுச் சீதனமா? நாலு நாளா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் செத்தா அந்தத் துண்டுத் துணியை எல்லாம் சேர்த்து எனக்குக் கோடி போர்த்தச் சொல்லுங்கள்.'

கீழே, வேறு மையில், இடது கையால், செல்லம்மாள் பதில் எழுதினாள்: 'மூக்கு அவருக்கு மட்டும்தான் இருக்கா? அந்த நெடியை நானும்தான் முகர்கிறேன். ஆம்பளைக்கு வந்தால் தலைவலி, பொம்பளைக்கு வந்தால் சாக்கா?'

எழுதி முடித்ததை நவநீதன் இன்னொரு முறை படித்துப் பார்த்தார். யாரையும் இப்படி அவர் பேசியதில்லை. இவ்வளவு சுகமாக இருக்கும் என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

"ஏங்க, இதுங்க ஆளுங்க!" என்று மேசையைத் தட்டினார் கௌதம். "அப்படியே மஸ்டர்லயும் ஏத்திடுங்க. ஆடிட்டுக்கு வர்ற அம்மா செக் பண்ணுவாங்க. சும்மா ஏத்தாதீங்க, லேட்டு, லீவு எல்லாம் போட்டு, மனுஷன் மாதிரி."

வருகைப் பதிவேடு நவநீதனின் சொந்த ராஜ்ஜியம். பச்சையப்பனை இரண்டு நாள் தாமதமாக வரவைத்தார். காவேரிப்பாக்கத்தில் மச்சினன் மனைவிக்கு வளைகாப்பு என்று ஒரு நாள் விடுப்பு கொடுத்தார். செல்லம்மாளுக்குக் காய்ச்சல் வந்தபோது, மனம் கேட்காமல், இரண்டு நாளை மூன்றாக்கினார். பதினோரு ஆண்டுகளில் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்திராத நவநீதனுக்கு, பிறர் விடுப்பில் இருப்பதைப் பார்ப்பது ஒரு தனி ஆனந்தமாக இருந்தது.

பதிவேடு மீண்டும் கேண்டீனில் தொங்கியது. பேனா எட்டாமல் இவ்வளவு எழுதியது எப்படி என்று தணிக்கையாளர் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற முன்யோசனையில், கௌதம் நூலையும் நீளமாக்கி வைத்தார்.

அங்கேதான் பிசகு நேர்ந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டிச்சிங் லைன் அம்பிகா பதிவேட்டைப் புரட்டினாள். அம்பிகாவின் குரல் நாற்பது தையல் இயந்திரங்களுக்கு மேலே கேட்கும். "ஏய், இங்க வாங்கடி! நம்ம செல்லம்மா எப்படிக் கேட்டிருக்கா பாரு!"

"எந்த செல்லம்மா?"

"அதாண்டி, பேர்ணாம்பட்டு பஸ்ல வருமே, ஒல்லியா. மூக்குத்தி போட்டுனு. பாவம், போன வாரம்கூட காய்ச்சல்னு வரல."

"பச்சையப்பன் சொல்றதும் ரைட்டுதாம்பா," என்றான் பசைப் பிரிவிலிருந்து ஒருவன். "அந்தாளு என் தோஸ்த்துதான். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. மனசு தங்கம்."

கேண்டீன் மூலையில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த நவநீதனுக்குப் புரை ஏறியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நவநீதனுக்குப் புரை ஏறினாலும் அது மற்றவர்களுக்குத் தொந்தரவில்லாமல்தான் ஏறும்.

மறுநாள் காலையில் பதிவேட்டில் நாற்பத்தாறு குறைகள் இருந்தன. பச்சையப்பன் கட்சி, செல்லம்மாள் கட்சி, இரண்டுக்கும் நடுவில் கழிவறைத் தாழ்ப்பாள் கட்சி. மாலைக்குள் பக்கங்கள் தீர்ந்து அட்டையிலும் எழுதினார்கள்.

"நான் ரெண்டு பேர் சண்டையைத்தானே கேட்டேன்?" என்றார் கௌதம், நெற்றியைப் பிடித்துக்கொண்டு. "ஊர்ச் சண்டையைக் கொண்டு வந்து வெச்சிருக்கீங்க. சமாதானம் பண்ணி வைங்க, உடனே."

நவநீதனுக்கு நன்றாக வரக்கூடியது சமாதானம்தான். பச்சையப்பன் மனம் வருந்தினான். செல்லம்மாள் அவனைச் சகோதரனாக ஏற்றாள். இருவரும் நிர்வாகத்துக்கு நன்றி கூறினார்கள். சில நாளைக்குப் பிறகு அவர் எழுத்து நடை மீண்டும் சீராக ஓடிற்று.

பதினைந்தே நிமிடத்தில் அம்பிகா டைம் ஆபீஸ் ஜன்னலில் நின்றாள். பின்னால் முப்பது பேர்.

"சார், செல்லம்மாவை யாரு மிரட்டுனது?"

"யாரும் மிரட்டலைம்மா."

"பின்ன? 'அண்ணலே, என் பிழை பொறுத்தருள்க'ன்னு அவ எழுதுவாளா? அவ குணம் எங்களுக்குத் தெரியாதா? பச்சையப்பனும் காலைலேர்ந்து கண்ணுல படல. ரெண்டு பேரையும் எங்க வெச்சிருக்கீங்க?"

"எங்கயும் வைக்கலைம்மா. அவங்க... இங்கதான் இருப்பாங்க."

"சார், நீங்க நல்லவரு. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. உள்ள போய் எச்.ஆரைக் கேட்டுச் சொல்லுங்க."

அன்று மாலை முந்நூறு பேரும் தேநீரைக் குடிக்காமல் டம்ளர்களை வரிசையாகக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோனார்கள். தணிக்கைக்கு எட்டு நாள் இருக்கையில் ஆறிய தேநீர் முந்நூறு டம்ளர் என்பது எந்த நிர்வாகத்தையும் அசைத்துவிடும். இரண்டு புதிய மின்விசிறிகள் வந்திறங்கின. ஒன்று பச்சையப்பன் மேசைக்கு. ஒன்று செல்லம்மாள் மேசைக்கு. அந்த இரண்டு மேசைகளிலும் யாரும் இல்லை என்பதால் காற்று மிகவும் தாராளமாக வீசியது. உயிருள்ளவர்கள் தங்கள் ஸ்டூல்களை அந்தப் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள்.

தணிக்கையாளர் ஹெலன் வியாழக்கிழமை காலையில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, கேண்டீனிலேயே நின்றபடி, பதிவேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தார். இடையில் இரண்டு முறை சிரித்தார். செல்லம்மாளின் மூக்கு வாசகத்தை மறுபடியும் படித்தார்.

"கௌதம், பத்து வருஷத்துல இப்படி ஒரு நிஜமான ரெஜிஸ்டரை நான் பார்த்ததில்லை."

கௌதம் அடக்கத்துடன் தலை குனிந்தார்.

"இந்த ரெண்டு பேரையும் நான் பார்க்கணும். இப்பவே. மேனேஜ்மென்ட் ஆள் யாரும் கூட இருக்கக் கூடாது."

அடுத்த ஐந்தாவது நிமிடம் ஸ்டோர் ரூமில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, கௌதம் நவநீதனுக்கு ஒரு நீல ஏப்ரனை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நான் எப்படிங்க சார்?"

"அவன் பேசறது வேற யாருக்குத் தெரியும்? நீங்கதானே பெத்தீங்க?"

செல்லம்மாளாக அம்பிகாவை அழைத்து வந்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் அவளிடம் உண்மையைச் சொன்னபோது, அவள் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப செல்லம்மா... இல்லியா?"

"இல்லம்மா."

"போன வெள்ளிக்கெழம அவளுக்குன்னு ஒரு மொழம் கனகாம்பரம் வாங்கி மேசை மேல வெச்சேனே! சாயங்காலம் பாத்தா காணம். எடுத்துனு போய்ட்டான்னு நெனச்சேனே!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சட்டென்று எழுந்து முந்தானையைச் செருகினாள். "சரி சார். செல்லம்மா பேரு கெடாம நான் பாத்துக்கறேன்."

"கையைப் பாருங்க, கிளார்க் கை!" என்று பதறினார் கௌதம். பசைப் பிரிவுக்காரன் கை இவ்வளவு சுத்தமாக இருந்தால் யார் நம்புவார்கள்? ஒரு டப்பாவிலிருந்து பசையை எடுத்து நவநீதனின் இரண்டு உள்ளங்கைகளிலும் தாராளமாகத் தடவினார். ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டும் பசை அது. அதன் குணம் பசைப் பிரிவில் சேர்ந்த முதல் நாளே எவருக்கும் சொல்லித்தரப்படும்: இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு, அப்புறம் சேர்க்க வேண்டும், சேர்த்தால் பிரியாது. கௌதமும் நவநீதனும் அந்தப் பிரிவில் வேலை பார்த்ததில்லை.

காரிடாரில் நடந்து போவதற்குள் பசை நன்றாகக் காய்ந்தது. கூட்ட அறைக்குள் நுழைந்ததும், பெரியவர்களைக் கண்டால் செய்வதை நவநீதன் செய்தார். இரு கரம் கூப்பினார்.

அவ்வளவுதான்.

"உட்காருங்க பச்சையப்பன்," என்றார் ஹெலன்.

கூப்பிய கையோடு உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க. கையை இறக்குங்க."

"பரவாயில்லைங்கம்மா. இப்படியே இருக்கேன்."

ஹெலன் ஏதோ குறித்துக்கொண்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கௌதம் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார்.

"ரெஜிஸ்டர்ல அவ்வளவு கோவமா எழுதியிருக்கீங்களே. அதை என்கிட்ட சொல்லுங்க."

நவநீதன் தொண்டையைச் செருமினார். "கோவம்னு பெருசா ஒண்ணும் இல்லைங்கம்மா. நிர்வாகம் நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஃபேன் மட்டும் கொஞ்சம்... அதுவும் இப்ப வந்துடுச்சுங்க. ரொம்ப நன்றிங்க."

ஹெலனின் பேனா நின்றது. புருவம் ஏறியது. கதவுக்கு வெளியே கௌதம் தலையில் கை வைத்துக்கொண்டார். பச்சையப்பன் அந்த நாற்காலியிலேயே செத்துக்கொண்டிருந்தான். அவனோடு ஒரு ஃபைலும்.

அம்பிகாவுக்குப் பொறுக்கவில்லை.

"பாத்தீங்களாம்மா? எழுதறப்ப மட்டும்தான் வீரம். நேர்ல வந்தா வாயில வெரலை வெச்சாக்கூட கடிக்கத் தெரியாது இந்தாளுக்கு." அவள் நவநீதன் பக்கம் திரும்பினாள். "யோவ், எத்தினி வருஷமா இங்க குந்தினுகிற? பதினொண்ணு! இன்னும் டெம்பரவரி. உனக்குப் பின்னால வந்தவன்லாம் பர்மனென்ட் ஆகி, லோன் போட்டு வீடு கட்டிட்டான். ஒரு தடவை, ஒரே தடவை, போய் ஏன்னு கேட்டிருக்கியா? உம் பொண்டாட்டியா இருந்தா நான் உன்னைக் கம்பெனி கேட்லயே கட்டி வெச்சிருப்பேன்!"

இது எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. பச்சையப்பன் பெயரில் ஒட்டவைத்திருந்தாலும் வார்த்தை ஒவ்வொன்றும் முகவரி தப்பாமல் நவநீதனிடமே வந்து சேர்ந்தது.

"கேட்டேன்!" என்று கத்தினார் நவநீதன்.

கத்திய வேகத்தில் இரு கைகளும் படாரென்று பிரிந்தன. உள்ளங்கைத் தோல் கொஞ்சம் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாறிப் போயிருக்கலாம். அவருக்கு அது உறைக்கவில்லை.

"மனசுக்குள்ள தினமும் கேட்டேன்! எட்டரைக்கு வர வேண்டியவன் எட்டு இருபதுக்கே வர்றேன். என் பொண்ணு பொறந்த அன்னைக்குக்கூட மத்தியானம் வந்து உக்காந்தேன். வர்ற எச்.ஆர். எல்லாம் ஃபைல் மூவ் ஆகுதுன்னான். பதினோரு வருஷமா மூவ் ஆகுது! நாற்பது அடிம்மா, நாற்பது அடி! நத்தையைக் கட்டி விட்டிருந்தாக்கூட அது போய்ச் சேர்ந்து பேரன் எடுத்திருக்கும்! நான் நல்லவனா இருந்தா என்னை மறந்துடுவீங்களா? கத்தினாத்தான் உங்களுக்குக் காது கேக்குமா? மனுஷன்தானேடா நானு!"

கடைசி 'டா' கண்ணாடிக் கதவைப் பார்த்துச் சொல்லப்பட்டது. கௌதம் ஓரடி பின்வாங்கினார்.

அம்பிகா வாயைப் பொத்திக்கொண்டாள். ஹெலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மேசைக்கு மேலே கை நீட்டி, அந்தச் சிவந்த உள்ளங்கையைப் பற்றி, "உங்களை நான் நம்பறேன் பச்சையப்பன்," என்றார்.

நவநீதனிடம் இதற்கு முன்பு யாரும் அப்படிச் சொல்லிக் கையைப் பிடித்ததில்லை.

எல்லாம் முடிந்தது என்று எழுந்தபோது, ஹெலன் வருகைப் பதிவேட்டைப் புரட்டி, கதவைத் திறந்து கௌதமைக் கூப்பிட்டார்.

"கடைசியா இன்னும் ஒரே ஒருத்தர். டைம் ஆபீஸ் நவநீதன்."

நீல ஏப்ரனில் நின்றிருந்தவரைக் கௌதம் ஒரு கணம் பார்த்தார். "அவர்... இன்னிக்கு லீவு மேடம். உடம்பு சரியில்ல."

"இதுல அவர் லீவே எடுத்ததில்லையே. லேட்டும் இல்ல, பெர்மிஷனும் இல்ல. பதினோரு வருஷத்துல நான் வர்ற அன்னைக்குத்தான் முதல் தடவையா உடம்பு சரியில்லையா?"

"அப்படி அமைஞ்சுடுச்சு மேடம்."

ஹெலன் மற்ற இருவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"நல்ல மனுஷங்க," என்றாள் அம்பிகா.

"அப்புறம்?"

"அப்புறம்..." அம்பிகா யோசித்தாள். நேர்மையாகவே யோசித்தாள். "நல்ல மனுஷங்க."

"பச்சையப்பன், நீங்க சொல்லுங்க. அவர் எப்படிப்பட்டவர்?"

நவநீதன் நவநீதனைப் பற்றி யோசித்தார். ஒரு சண்டை, ஒரு பிடிவாதம், ஒரு வசவு, யாருக்காவது அவர் கொடுத்த ஒரு தலைவலி, ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று தேடினார். பச்சையப்பனைப் பற்றியென்றால் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

"தங்கமானவருங்க," என்றார் கடைசியில். "வேற... ஒண்ணும் இல்லைங்க."

ஹெலன் தலையசைத்து, சூட்கேஸை மூடினார். காரில் ஏறும்போது கௌதமிடம் மட்டும், தாழ்ந்த குரலில், "எல்லாம் சரி. ஆனா உங்க ஆள் கணக்குல ஒரு பேர் பொய். எதுன்னு எனக்குத் தெரியும். திங்கட்கிழமை ரிப்போர்ட்ல வரும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஒரு பேர்தான்னாங்க," என்றார் கௌதம், வெளிறிய முகத்துடன் டைம் ஆபீசுக்கு வந்து. "அப்ப அம்பிகாவை நம்பிட்டாங்க. உங்க நடிப்புலதான் எங்கியோ இடிக்குது. ஆரம்பத்துலேர்ந்தே கோவமா இருந்திருக்கணும் நவநீதன். மொதல்ல சொன்னீங்க பாருங்க, அந்த நன்றி, அதுதான் காட்டிக் குடுத்துடுச்சு. பச்சையப்பன் மாட்டினா, எழுதினவர் யாருன்னு கேப்பாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன்."

வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளும் நவநீதனுக்குச் சோறு இறங்கவில்லை. பச்சையப்பன் பிடிபட்டால் தன் வேலை போகும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட அதிகமாக, அந்த ஆள் இல்லை என்று யாரோ ஒருவர் கோடு கிழித்துவிடுவார் என்பதைத்தான் அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஞாயிறு மாலை, சங்கீதாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னார்.

"அந்தம்மா முன்னால கத்துனீங்களா? நீங்களா?" என்று அவள் பலமுறை கேட்டாள். பிறகு, "நாளைக்கு வேலை போனா போகட்டும். இன்னொரு வாட்டி கத்திட்டு வாங்க," என்றாள்.

திங்கட்கிழமை எட்டு இருபதுக்கு நவநீதன் கேட்டுக்கு வந்தபோது, அறிவிப்புப் பலகையின் முன்னால் ஒரே கூட்டம். அம்பிகா எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்துக்கொண்டிருந்தாள். தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தார். தணிக்கையாளரின் பரிந்துரையை ஏற்று, பதினோரு ஆண்டு இழைக்கப்பட்ட அநீதியைக் களையும் பொருட்டு, பச்சையப்பன், டோக்கன் எண் 614, இன்று முதல் நிரந்தர ஊழியராக்கப்படுகிறார் என்று முதலாளியே கையெழுத்திட்டிருந்தார். நாற்பது அடியை ஃபைல் மூன்றே நாளில் கடந்திருந்தது.

நவநீதனின் கண்கள் நிறைந்தன. பிடிபடவில்லை. பச்சையப்பன் பிழைத்துவிட்டான். தன் ஆட்களில் ஒருவனாவது உருப்பட்ட பெருமிதத்தோடு, மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு, உள்ளே காலெடுத்து வைத்தார்.

ஒரு லத்தி குறுக்கே நீண்டது. கேட் காவலர் உமர் ஃபாரூக். பதினோரு ஆண்டுகளாக ஒவ்வொரு நாள் காலையிலும் இருவரும் வணக்கமும் சலாமும் பரிமாறிக்கொண்டவர்கள். அவர் கையில், ஒரு பெயர் மட்டும் சிவப்பு மையால் அடிக்கப்பட்ட பட்டியல் இருந்தது. அவர் பட்டியலைப் பார்த்தார், நவநீதனைப் பார்த்தார், மிகுந்த தர்மசங்கடத்துடன் குரலைத் தணித்தார்.

"பேஜார் பண்ணாம நெசத்தைச் சொல்லிடுங்க சார், நவநீதன்னு ஒரு ஆளே கெடையாதுன்னு ஆடிட்ல கண்டுபுடிச்சிட்டாங்க, இத்தினி வருஷமா அந்தப் பேர்ல யாரு சார் வந்துனு இருந்தது?"